ரோஸ் பக்கமும் காப்பிப்பொடி பக்கமும்

நடந்தவை, வரிசையாக:

1. மரக்காணம் உப்பளத்தில் ஒரு பகுதியை அளக்க என்னை அனுப்பினார்கள். மழை வெள்ளத்தில் வரப்புகள் கரைந்து போயிருந்தன. புது வரைபடம் வேண்டும் என்று அங்குள்ள உப்பளக்காரர்கள் சங்கம் கேட்டிருந்தது.

2. என் ட்ரோனின் பேட்டரி ஒரு தடவைக்குப் பாதிப் பகுதிதான் தாங்கும். எனவே பகுதியை இரண்டாகப் பிரித்தேன். பேட்டரி தீர்ந்த இடத்தில் கோடு போட்டேன்.

3. வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் அடையாளம் தெரிவதற்காக ஒரு பாதியில் ரோஸ் கலர் கொடிகளும் மறு பாதியில் காப்பிப்பொடி கலர் கொடிகளும் நட்டேன்.

4. எந்தப் பாதியில் யார் வேலை செய்கிறார்கள் என்று இரண்டு தாள்களில் பெயர்ப்பட்டியல் அடித்து எடைக் கொட்டகையில் ஒட்டினேன்.

5. மூன்றாம் நாள், காப்பிப்பொடி பக்கத்து உப்பு கொஞ்சம் மங்கல் என்று யாரோ சொன்னார்கள்.

6. நான்காம் நாள், ரோஸ் பக்கத்து ஆட்களுக்கு வாய் நீளம் என்று பதில் வந்தது.

7. ஏழாம் நாள், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாட்ஸ்அப் குழு.

8. ஒன்பதாம் நாள், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சரித்திரம்.

9. பதினோராம் நாள், லூர்து மேரி என்பவரின் பாத்திகளுக்குத் தண்ணீர் வரவில்லை.

ஒன்று முதல் எட்டு வரை நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஒன்பதாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு முப்பது வயது. ஏழு வருடம் வெயிலில் அளந்துவிட்டு இந்த மாதம்தான் அலுவலக மேசைக்கு மாறினேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கருவிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் சொல்ல வருவது, அளந்து முடித்த பிறகு நிலத்தில் மிஞ்சும் கோட்டைப் பற்றி.

முதலில் நிறம். மரக்காணம் துணிக்கடையில் அரை மணி நேரம் நின்று யோசித்தேன். சிவப்பு ஒரு கட்சி. மஞ்சள் ஒரு சங்கம், நீலம் இன்னொரு சங்கம். பச்சை, காவி, வெள்ளை மூன்றும் மூன்று மதம். கறுப்பு நட்டால் செத்தது யார் என்று கேட்பார்கள். கடைசியில் கடைக்காரரிடமே கேட்டேன்.

"யாருக்குமே சொந்தமில்லாத கலர் எதுனா இருக்குதுங்களா?"

அவர் உள்ளே போய் இரண்டு சுருளைக் கொண்டுவந்தார். ஒன்று ரோஸ், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வாங்கி மிஞ்சியது. இன்னொன்று காப்பிப்பொடி கலர். "இத எவனும் கேக்க மாட்டாம்மா. எட்டு வருசமா இங்கியே கெடக்குது" என்றார். பிரச்சினை வரக்கூடாது என்பதற்காக அரை மணி நேரம் செலவழித்தவள் நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. என் ஊர் பெரிய முதலியார்சாவடி. கொஞ்ச தூரம் நடந்தால் புதுச்சேரி. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஒரு வயலையும் ஆங்கிலேயர் அடுத்த வயலையும் பிடித்ததால் வந்த கோடு அது. எங்களுக்கு அது பெட்ரோல் விலை மாறும் இடம். எங்கள் உறவில் ஒரு குடும்பத்துக்கு இன்றும் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றபோது, கடைசி நாளில் அந்தக் குடும்பத்து அண்ணன் போய்ப் போட்டார். தம்பி அன்று காணாமல் போன மாட்டைத் தேடிப் போயிருந்தார். இன்று அண்ணன் பிள்ளைகள் ஒரு தேசம், தம்பி பிள்ளைகள் ஒரு தேசம். மாடு மறுநாள் தானாகத் திரும்பி வந்துவிட்டதாம். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தும் எனக்கு முன்யோசனை வரவில்லை.

கொட்டகையில் பெயர்ப்பட்டியலை ஒட்டியபோது முதலில் வந்து படித்தவர் முருகவேல். இனி ரோஸ் என்று சொல்லப்போகும் பாதியின் மேஸ்திரி. அவருக்குப் பின்னால் ஏழுமலை. மறு பாதியின் மேஸ்திரி. முருகவேலின் தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பைக்கில் வேலைக்கு வருகிறவர்கள்.

"மச்சான், நீ ரோஸாம்" என்றார் ஏழுமலை. "பொண்ணுக்குப் பொட்டு வாங்குற கலரு."

"ஒங்குளுது மட்டும் இன்னாவாம்? கழுவாத டபரா கலரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆணி அடித்தேன். அன்று சாயங்காலம் இருவரும் அதே பைக்கில்தான் வீட்டுக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்தும் அதே பைக்தான். ஆனால் பேச்சு நின்றிருந்தது.

அடுத்த சில நாட்களில் நடந்ததை நான் கவனித்தேன், ஆனால் சரியாக மதிப்பிடவில்லை. கூனிமேட்டிலிருந்து அன்வர் பாய் லாரியோடு வந்து உப்பு வாங்குவார். ஏற்றுவதற்கு வசதி என்று இரண்டு பக்கத்து மூட்டைகளையும் தனித்தனியாக அடுக்கச் சொன்னார். அடுக்கிப் பார்த்தால் ஒப்பிடத்தானே தோன்றும். மங்கல், பளிச், பொடி, கல் என்று பேச்சு வளர்ந்தது. பாயிடம் போய், "ரெண்டும் ஒரே உப்புதானே பாய், நீங்களாவது சொல்லுங்களேன்" என்றேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஆனா நேத்து ஒரு கடக்காரரு, ரோஸ் உப்பு இருக்குதா பாய்னு கேக்குறாரு. இந்தப் பசங்க போட்டோ போட்டு அனுப்பியிருக்கானுங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்ஷா அல்லா, இருக்குதுன்னுட்டேன்."

வாட்ஸ்அப் குழுக்களின் பெயர் 'ரோஸ் உறவுகள்', 'காப்பிப்பொடி சொந்தங்கள்'. இரண்டிலும் என்னைச் சேர்த்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே காலை வணக்கப் படம் வரும். கரை மட்டும் வேறு நிறம். ஒன்பதாம் நாள் ரோஸ் குழுவில் ஒரு செய்தி வந்தது. இந்தக் கடற்கரையில் முதன்முதலில் உப்பு விளைந்தது ரோஸ் பக்கத்தில்தான், மறு பக்கம் அப்போது வெறும் சேறு. ஒரு மணி நேரத்தில் அடுத்த குழுவில் பதில் வந்தது. பழங்காலத்து ராஜாக்களின் கப்பலில் ஏறியதெல்லாம் காப்பிப்பொடி பக்கத்து உப்பு. மறு பக்கத்து உப்பைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த ராஜா என்று கேட்டேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி சேர்த்தார்கள். கொடி நட்டவள் என்ற மரியாதை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இதனால் நல்லதும் நடந்தது. ரோஸ் பக்கத்தில் மூன்று வருடமாக உடைந்து கிடந்த பெரிய வரப்பை அந்த வாரம் எல்லோரும் சேர்ந்து கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து மறு பக்கத்தார், வேலைக்கு வரும் பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பும் நிழலுக்கு ஒரு பந்தலும் போட்டார்கள். சங்கம் பத்துக் கூட்டம் போட்டும் செய்யாத வேலைகள். அதுவரை பக்கத்துப் பாத்திக்காரரின் முழுப்பெயர் தெரியாதவர்கள்கூட 'நம்ம ஆளு' என்று தோளில் கை போட்டார்கள். அந்த இரண்டு பக்கத்திலும் எல்லா சாதியும் எல்லாக் கட்சியும் இந்துவும் கிறிஸ்தவரும் கலந்திருந்தார்கள். வழக்கமான எந்தப் பிரிவின் மேலும் என் கோடு விழவில்லை. அதனாலேயே அது நல்ல கோடு என்று நினைத்துவிட்டேன்.

இப்போது லூர்து மேரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பதினான்கு பாத்திகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். என் கோடு அவர் பாத்திகளுக்கு நடுவில் போனது. ஏழு அந்தப் பக்கம், ஏழு இந்தப் பக்கம். பட்டியல் அடிக்கும்போது அவர் பெயரை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நம் தொழிலில் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவது எப்போதும் ஒரு ஆளாகத்தான் இருக்கும். அதைக் கவனியுங்கள்.

அந்த உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் இறைக்கும் உப்புத்தண்ணீர் ஒரு நீள வாய்க்காலில் வரும். அதிலிருந்து ஒவ்வொருவர் பாத்திக்கும் ஒரு மடை, மடைக்கு ஒரு பலகை. உங்கள் முறை வந்தால் உங்கள் பலகையை நீங்கள் தூக்கக் கூடாது. உங்களுக்கு முன்னால் தண்ணீர் எடுத்தவர் தன் மடையை அடைத்துவிட்டு, நடந்து வந்து உங்கள் பலகையைத் தூக்கிவிட்டுப் போவார். நீங்கள் முடித்ததும் உங்களுக்கு அடுத்தவருக்குத் தூக்குவீர்கள். கடைசி ஆள் வந்து முதல் ஆளுக்குத் தூக்குவார். தன் பலகையைத் தானே தூக்கியவர் தண்ணீர் திருடியவர். அதற்கு மேல் விசாரணை கிடையாது.

ரோஸ் பக்கத்துக் கடைசி ஆள் முருகவேல். மறு பக்கத்து முதல் ஆள் ஏழுமலை. இருவருக்கும் நடுவில் லூர்து மேரி. பதினோராம் நாள் முருகவேல் தன் மடையை அடைத்தார். ரோஸ் பக்கம் முடிந்தது என்று, சுற்றி நடந்து போய் ரோஸ் பக்கத்து முதல் ஆளுக்கே தூக்கிவிட்டார். மறு பக்கமும் தங்களுக்குள் அப்படியே ஒரு சுற்று வைத்துக்கொண்டது. லூர்து மேரி எந்தச் சுற்றிலும் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, நா எந்தப் பேப்பர்ல இருக்குறேன்?"

"ரெண்டுலயும் இல்லக்கா. அது சும்மா என் வேலைக்கு ஒட்டினது."

"ஒன் வேலைக்குத்தான் ஒட்டின. என் மடை தொறக்கலியே. முருகவேலக் கேட்டா, நீ அந்தப் பக்கம்ன்றான். ஏழுமலயக் கேட்டா இந்தப் பக்கம் பட்டியல்ல ஒம்பேரு இல்லியேன்றான்."

"எவ்ளோ நாள் தாங்கும்க்கா?"

"சனிக்கெழம வரைக்கும். அதுக்கப்புறம் கசந்துடும்."

பாத்தியில் உப்பு படிந்த பிறகும் புதுத் தண்ணீர் விடாமல் சுண்டவிட்டால் உப்பில் கசப்பு ஏறிவிடும். கசந்த பாத்தியைக் கழுவி, மிதித்துக் கெட்டியாக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாதம் போய்விடும். அவர் வீட்டில் அந்த ஒரு மாதத்துக்கு வேறு வழி கிடையாது.

என் சீனியருக்கு போன் செய்தேன். இருபது வருடம் அளந்தவர். எந்தக் கேள்விக்கும் ஒரு வரியில் பதில் சொல்வார்.

"கொடியப் புடுங்கிடு. கொடி இல்லன்னா சண்ட இல்ல. சிம்பிள்."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாக் கொடிகளையும் பிடுங்கிக் கட்டினேன். ஆறேகாலுக்கு என்னைச் சுற்றி முப்பது பேர். முருகவேலும் ஏழுமலையும் ஒன்றாக முன்னால் நின்றார்கள். பல நாள் கழித்து அவர்கள் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.

"எங்க கொடிய ஏன் மேடம் தொட்டீங்க?"

"இது நான் வாங்கின துணிங்க."

"துணி ஒங்குளுதா இருக்கலாம். மரியாத எங்குளுது" என்றார் முருகவேல்.

"ரோஸ்காரன் சொல்றது கரெக்ட்டு" என்றார் ஏழுமலை. "மொதல்ல எங்க கொடிய நட்டுட்டு அப்பறம் பேசுங்க."

பதினைந்து நிமிடம் அந்த உப்பளம் எனக்கு எதிராக ஒன்றாக இருந்தது. அதன் பிறகு எந்தக் கொடியை முதலில் நடுவது என்பதில் பிரிந்தது. மதியத்துக்குள் என் சின்னக் கொடிகளின் இடத்தில் மூங்கில் கம்பங்கள் நின்றன. துணிக்கடையில் ரோஸும் காப்பிப்பொடியும் தீர்ந்துவிட்டன. கடைக்காரர் எனக்குத் தனியாக போன் செய்து நன்றி சொன்னார்.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. வியாழக்கிழமை கொட்டகையில் கூடினார்கள். "மேடம், மெசினு இன்னா சொல்லுது? லூர்து எந்தப் பக்கம்?" என்று முருகவேல் கேட்டார். சரியான பதில், மெஷினுக்கு அது தெரியாது என்பது. ஆனால் நான் அளந்து பழகியவள். கேட்டால் எண் வந்துவிடும். லேப்டாப்பைத் திறந்து பதினான்கு பாத்திகளின் பரப்பையும் கோட்டின் இரண்டு பக்கமும் கூட்டினேன்.

"ரோஸ் பக்கம் கால் சென்ட் கூட வருது" என்றேன். இதோடு முடிந்தது, முருகவேல் போய்ப் பலகையைத் தூக்கிவிடுவார் என்று நம்பினேன்.

முந்தின நாள் வரை லூர்து மேரி தன் பக்கமே இல்லை என்ற முருகவேல் எழுந்து நின்றார்.

"நா அப்பவே சொல்லல? அது எங்க மண்ணு."

"கால் சென்ட்டுக்கு மொத்த எடமும் ஒங்குளுதா?" என்றார் ஏழுமலை. "எங்க பக்கம் ஏழு பாத்தி இருக்குது. உப்பே அதுலதான் நல்லா வெளையுது. உயிர வுட்டாலும் வுடுவோம், அத வுட மாட்டோம்."

"என் பாத்திடா அது" என்றார் லூர்து மேரி.

"நீ சும்மா இருக்கா. ஒனக்காகத்தான் பேசிட்டு இருக்கோம்" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இதுவரை யாருக்கும் வேண்டாதவர், ஒரு கணக்குக்குப் பிறகு இரண்டு பேருக்கும் வேண்டியவர் ஆனார். தண்ணீர் மட்டும் வரவில்லை. ரோஸ்காரர் பலகையைத் தூக்கினால் அது ரோஸ் மண் என்று ஆகிவிடும். மறு பக்கத்தார் தூக்கினால் அப்படியே. ஆகவே யாரும் தூக்கிவிடாதபடி இரண்டு பக்கமும் மடைக்குக் காவல் போட்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரெதிராக. முதல் காவலுக்கு உட்கார்ந்தவர்கள் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். ஒரே தூக்குவாளியிலிருந்து கூழ் குடித்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகையில் நின்றேன்.

"அந்தக் கோடு ராஜா போட்டது இல்லைங்க. நான் போட்டது. இந்த பேட்டரி அந்த எடத்துல தீர்ந்துபோச்சு. வேற காரணமே கெடையாது. பெரிய பேட்டரி இருந்திருந்தா கோடே இருந்திருக்காது."

பேட்டரி கை மாறிக் கை மாறி ஒரு சுற்று வந்தது. பிறகு முருகவேல் கேட்டார்.

"சரி மேடம். ஏன் கரெக்ட்டா அங்க தீரணும்? முன்னாடியே தீர்ந்திருக்கலாம், தாண்டிப் போயும் தீர்ந்திருக்கலாம். அதுக்குன்னு ஒரு காரணம் இருக்கும்ல?"

ஏழுமலை தலையாட்டினார். "அங்க மண்ணே வேறயா இருக்குது. நீங்க வெளியூரு, ஒங்களுக்குத் தெரியாது."

நான் பேட்டரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சரித்திரம் என் பாடம் அல்ல. அந்த வேலை முடிந்த பிறகு நிறைய வாசித்தேன். தேசம் என்ற உணர்வு மலையைப் போலப் பழையது என்று பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது சில நூற்றாண்டுக்குள் வந்தது. அதற்கு முன் மக்கள் ஒரு ராஜாவுக்கு வரி கட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அதே ராஜாவுக்கு வரி கட்டியவரை 'நம்ம ஆளு' என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. பிறகு வரைபடம் வந்தது, தலை எண்ணும் பட்டியல் வந்தது, ஒரே செய்தியை ஒரே காலையில் ஆயிரம் வீட்டில் படிக்க வைக்கும் அச்சுத்தாள் வந்தது. முகம் பார்க்காதவர்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்தச் சொந்தம் பொய் அல்ல. உப்புக்கு வரி போட்ட ஆட்சிக்கு எதிராக இந்த நாட்டு மக்கள் 'நாம்' என்று சேர்ந்து நிற்க முடிந்ததும் அந்த உணர்வால்தான். எங்கிருந்து வந்தது என்று காட்டினால் அது கலைந்துவிடும் என்று நான் நினைத்ததுதான் பொய். ஆரம்பம் எதுவாக இருந்தாலும் வரப்பைக் கட்டியது அவர்கள் கை. அந்தக் கை வலி உண்மை. ஆனால் எந்தக் கோட்டிலும், கோட்டின் மேலேயே வீடு கட்டிய ஒருவர் இருப்பார். அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெள்ளி சாயங்காலம் லூர்து மேரி பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கி மத்தியானம் வரைக்குந்தான். பாப்பா, நா எந்தப் பக்கம்னு நீ யாருக்கும் சொல்லவே வாணாம். எனக்குன்னு தனியா ஒரு பேப்பர் அடிச்சு ஒட்டு."

"எதுக்குக்கா?"

"ரெண்டு பேருக்கும் நா சொந்தம்ன்றதுதான் சிக்கலு. யாருக்கும் சொந்தமில்லன்னா தொறப்பானுங்க. வெளியாளுக்கு ஒண்ணு செஞ்சா பெரும. சொந்தக்காரிக்கு செஞ்சா அது உரிம."

சீனியரிடம் கேட்டேன். "புதுசா எதையும் ஒட்டாத. ரெண்டே தலவலி. மூணாக்காத" என்றார். என்னோடு வேலை செய்தவர்களில் அவர்தான் கெட்டிக்காரர். அவர் சொன்னதைச் செய்திருந்தால் என் மேல் எந்தப் பழியும் வராது. ஆனால் அவர் அந்த மடையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நேரில் பார்த்தவள் முடிவெடுக்க வேண்டிய சமயம் ஒன்று வரும். அப்போது போனை வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கொட்டகையில் மூன்றாவது தாளை ஒட்டினேன். 'பகுதி 3' என்று தலைப்பு. அடியில் ஒரே ஒரு பெயர். கொடிக்குத் துணி இல்லை. லூர்து மேரி ஒரு பழைய நைட்டியின் கையைக் கிழித்துக் கொடுத்தார். மஞ்சள் பூ, பச்சை இலை, நீலக் கரை. நான் கடையில் ஒதுக்கித் தள்ளிய நிறங்களில் பாதி அதில் இருந்தன. உப்பு வாரும் பலகையின் நீளக் கழியில் கட்டி, பாத்திகளுக்கு நடுவில் அவரே நட்டார்.

காவலுக்கு இருந்த இரண்டு பேரும் எழுந்து ஓடிப்போய் மேஸ்திரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னாக்கா இது?" என்றார் முருகவேல்.

"நானு."

"நீயா?"

"ஒங்க ரெண்டு பேருக்கும் நா வெளியாளு. பேப்பர் ஒட்டியாச்சு, போய்ப் படி. பக்கத்துல இருக்குற வெளியாளுக்குத் தண்ணி வுட மாட்டீங்களா? மத்த உப்பளத்துல எல்லாம் கேட்டா சிரிப்பானுங்க."

முருகவேல் ஏழுமலையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவரை அடுத்த பக்கத்துக்கு விட்டுக்கொடுத்ததாக யாரும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. யாரும் எதையும் இழக்கவில்லை. ஆனால் புதுப் பிரச்சினை, முதலில் தூக்குவது யார்.

"முன்னாடி மட என்னுது. நாந்தான் தூக்கணும்."

"அதெப்படி? ரோஸ்காரன் தூக்கி அக்கா தண்ணி எடுத்தா, நாளைக்கி அவங்க ஒங்க பக்கம்னுவ."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லூர்து மேரி பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து இறங்கி வந்த அன்வர் பாய் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏம்பா, பலகைக்கு ரெண்டு முனை இருக்குதுல்ல? ஆளுக்கு ஒண்ணப் புடிங்களேன். எனக்கு லோடு ஏத்தணும்."

அப்படித்தான் நடந்தது. முருகவேல் ஒரு முனை, ஏழுமலை ஒரு முனை. ஒரே சமயத்தில் தூக்க வேண்டும் என்பதால் அன்வர் பாயை எண்ணச் சொன்னார்கள். அவர் மூன்று என்றதும் ஏழுமலை தூக்கினார். முருகவேல் போட்டோவுக்காகக் காத்திருந்தார். பலகை சாய்ந்து சிக்கிக்கொண்டது. இறக்கி மறுபடி எண்ணினார்கள். பலகை வந்தது. தண்ணீர் போனது. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருவரும் கைகுலுக்கினார்கள். அன்று காலை ஒரே வீட்டில் ஒரே சட்டி இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். அந்தப் படம் இரண்டு குழுவிலும் வந்தது. 'அண்டைப் பகுதிக்கு நம் பெருந்தன்மை' என்று இரண்டிலும் எழுதியிருந்தது.

லூர்து மேரி யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போய்ச் சேருவதைப் பார்த்துவிட்டு, தன் மடையை அடைத்தார். நடந்து போய் ஏழுமலையின் பலகையைத் தூக்கிவிட்டார். வழக்கப்படி.

பத்து நாள் கழித்து வரப்பு உயரத்தைச் சரிபார்க்க மறுபடி போனேன். அவர் பாத்திகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வழக்கம்போல வரப்பு மேல் ஏறினேன்.

"பாப்பா, நில்லு."

நின்றேன்.

"அங்கருந்து இப்படி வரக் கூடாது. இது எங்க பக்கம். கேட்டுட்டு வா."

"நாந்தாங்க்கா."

"தெரியுது. எல்லாரும் இப்ப கேட்டுட்டுத்தான் வர்றாங்க. ரோஸ்காரனுங்க மிதிச்சு மிதிச்சு வரப்பே போச்சு. அவனுங்களுக்குச் சொரணையே கெடையாது. அந்தப் பக்கத்துக்காரனுங்க அதுக்கு மேல." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செருப்பக் கழட்டிட்டு வா."

கழற்றினேன். பதினான்கு பாத்திகளையும் அளக்கும் வரை பின்னாலேயே வந்தார். அளவுக் கம்பியை எங்கே ஊன்றுகிறேன் என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

இன்றைய நிலை இது. லூர்து மேரி அந்தப் பருவத்து உப்பை முழுதாக வாரிவிட்டார். கசக்கவில்லை. அவருடைய மடையை இப்போது ஒரு முறை ரோஸ் பக்கமும் அடுத்த முறை காப்பிப்பொடி பக்கமும் திறக்கின்றன. முருகவேலும் ஏழுமலையும் பேசிக்கொள்கிறார்கள், வீட்டில் மட்டும். சங்கத்தின் கோப்பில் இருக்கும் வரைபடத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. அதைத் திருத்த ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். மூன்று பகுதியும் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.